சேர்ந்திசையா, தொகையிசையா?

சேர்ந்து பாடுதல் ஒன்று. பாடியவற்றைச் சேர்த்தல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறு என்பதை விளக்க ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று அன்பர்கள் கேட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வேண்டியிராது, இன்று வேண்டும். பாடகர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியே நின்று பாடிப் பதிவுசெய்து இணையத்தின் வழி அனுப்ப, அவற்றையெல்லாம் ஒருவர் கோத்து ஒரே பாட்டாக்கி வெளியிடும் முறை உலகெங்கும் பரவிவிட்டது. மெய்ந்நிகர் சேர்ந்திசை என்று அதற்குப் பெயரும் இட்டாயிற்று. நம் பள்ளிகளின் விழாக்களிலும் போட்டிகளிலும் அது நுழைந்துள்ளது. ஆகவே, அதனை வியந்து போற்றுவதோடு நில்லாமல், ஒரு கலைவடிவமாகக் கொண்டு எடைபோட்டுப் பார்ப்பது ஆசிரியர்களாகிய நமது கடன்.

இம்முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் எரிக் விட்டேக்கர் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர். 1970-இல் பிறந்தவர், சேர்ந்திசைப் பாட்டுகளால் புகழ்பெற்றவர். 2009-ஆம் ஆண்டில் அவர் இசையில் ஈடுபாடு கொண்ட இளம்பெண் ஒருத்தி, 'ஸ்லீப்' என்னும் அவரது பாட்டில் பெண்களின் உச்சக் குரலுக்குரிய சோப்ரானோ பகுதியை மட்டும் தனியே பாடிப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தாள். பல பகுதிகள் கூடி எழவேண்டிய பாட்டில் ஒரு பகுதி மட்டும், துணையின்றி! அதனைக் கண்ட விட்டேக்கருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஏனைய பகுதிகளையும் இவ்வாறே பலர் தத்தம் இடத்தில் பாடினால், எல்லாவற்றையும் ஒருங்கே ஓடவிட்டுக் கேட்கலாமே என்று கருதினார். முதலில் ஒரு சோதனை செய்தார். பாலிஃபோனி என்னும் ஆங்கிலேயக் குழுவினர் பாடி வெளியிட்டிருந்த ஒலிப்பதிவைக் காதில் கேட்டுக்கொண்டே, அதனோடு ஒத்துப் பாடி அனுப்புமாறு வேண்டினார். சோதனை பலித்தது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது 'லக்ஸ் ஆரும்க்வே' என்னும் இலத்தீன் பாட்டு. இம்முறை பிறர் பாடிய பதிவு எதனையும் துணைக்கொள்ளவில்லை. கேமராவின் முன்னே நின்று, ஓசை சிறிதும் இல்லாத சூழலில், தம் மனத்துள் ஓடும் பாட்டுக்குக் கையசைத்துப் படம்பிடித்தார். பின்னர் அக்கையசைவுக்கேற்பப் பியானோ வாசித்து வழிகாட்டிப் பதிவொன்றைச் செய்தார். இசைக்குறிப்பை யாரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ள வழிசெய்தார். 12 நாடுகளிலிருந்து 185 பேர் பாடி அனுப்பினர்; பதிவுகள் 243. அவை கோக்கப்பட்டு 2010 மார்ச்சில் காணொலியாக வெளிவந்தபோது, சேர்ந்திசை என்றால் என்னவென்று அறியாதவர்களும் அதனைக் கேட்டனர்.

அதன் பின்னர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது. 2011-இல் 'ஸ்லீப்': 58 நாடுகள், 2,052 பதிவுகள். 2012-இல் 'வாட்டர் நைட்': 73 நாடுகள், 3,746 பதிவுகள். 2013-இல் 'ஃப்ளை டு பாரடைஸ்': 101 நாடுகளைச் சேர்ந்த 5,905 பேர், 8,409 பதிவுகள். 2018-இல் 'டீப் ஃபீல்ட்' வந்தது. உலகமே நோயால் முடங்கிக் கிடந்த 2020 ஜூலையில் 'சிங் ஜென்ட்லி' வந்தது. அதில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பாடினர்.

தமிழாசிரியர்கள் சுவைக்கத்தக்க ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். 'ஸ்லீப்' பாட்டுக்கு முதலில் அமைந்த சொற்கள் வேறு. பனி பெய்யும் மாலையில் காட்டருகே வண்டியை நிறுத்திய வழிப்போக்கனைப் பற்றி இராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய, 1923-இல் வெளிவந்த புகழ்மிக்க கவிதைக்கே விட்டேக்கர் இசையமைத்திருந்தார். பதிப்புரிமை உடையோர் இசைவு தரவில்லை. செய்த இசையை வீணாக்க மனமின்றி, சார்ல்ஸ் அந்தோனி சில்வெஸ்திரி என்னும் நண்பரிடம் கொடுத்து அதே அசையளவில் புதுச்சொற்கள் எழுதி வாங்கினார். நம் திரைப்படக் கவிஞர்களுக்குப் பழகிப்போன 'மெட்டுக்குப் பாட்டு' அங்கும் நடந்திருக்கிறது! சொல் ஓரிடத்திலும் இசை ஓரிடத்திலும் பிறந்து பின்னர் இணைந்த பாட்டே, குரல்கள் வெவ்வேறு இடத்தில் பிறந்து இணையும் முறைக்கும் வித்தாக அமைந்தது விந்தைதான்.

இனி எடைபோடுவோம். சேர்ந்திசைக்கு உயிர்நிலை யாது? பலர் பாடுவதா? ஒரே பாட்டைப் பாடுவதா? ஓரிடத்தில் நின்று பாடுவதா? இவை எல்லாம் அதற்குரிய அடையாளங்கள்; உயிர்நிலை ஆகா. பாடுகிறவன் பக்கத்திலிருப்பவனைக் கேட்கிறான். கேட்டதற்கேற்பத் தன் குரலை மாற்றுகிறான். அம்மாற்றத்தைக் கேட்டுப் பக்கத்திலிருப்பவன் தன் குரலை மாற்றுகிறான். இந்தக் கொடுக்கல் வாங்கல் நொடிதோறும் நடைபெறுகிறது. இதுவே உயிர்நிலை என்பேன். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலுக்கு இசைந்த கருவிகளைக் கூறுமிடத்தில், யாழ் குழலைப் பற்றியும் தண்ணுமை யாழைப் பற்றியும் எழுந்ததாக, ஒன்று மற்றொன்றைக் கேட்டுச் செல்லும் வரிசையாகவே அமைத்துக் காட்டுகிறார். கருவிகளின் பெயர்ப்பட்டியலாக அவர் அதைத் தரவில்லை என்பதை வகுப்பில் நாம் எடுத்துக் காட்டுவதுண்டல்லவா?

மெய்ந்நிகர் சேர்ந்திசையில் இந்தக் கேட்டல் ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. பாடகன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வழிகாட்டிப் பதிவைக் கேட்கிறான். அப்பதிவு அவனைக் கேட்பதில்லை. நடத்துநரின் கையைப் பார்க்கிறான். அக்கையோ என்றோ அசைந்து முடிந்த கை. அவன் மெல்லப் பாடினாலும் உரக்கப் பாடினாலும் அது மாறாது. நடத்துநரும் ஒரு குரலையும் கேளாமல் கையசைத்தவரே. 2010-இல் பாடிய 185 பேரும் பாடிய பொழுதில் ஒருவரையொருவர் கேட்டவரல்லர். கேட்டவர் எவர்? பதிவுகளைக் கோத்தவர் கேட்டார். முடிந்த பிறகு நாம் கேட்டோம். பாடியவர்களும் நம்மைப் போலவே பின்னர்க் கேட்டனர்.

இதனால் இசைக்கு விளைவது என்ன? இரண்டைச் சொல்கிறேன். பியானோவின் சுரங்கள் எல்லாச் சுரத்தானங்களுக்கும் பொதுவாக இருக்கும்படி சமமாகக் கூறிடப்பட்டவை. அதனால் அதன் அந்தர காந்தாரம், இயற்கையாக ஒலிக்கும் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கிறது. பக்கவாத்தியமின்றிப் பாடும் நல்ல குழுவினர், சட்சமம் பிடிப்பவரையும் பஞ்சமம் பிடிப்பவரையும் காதால் தேடி, காந்தாரத்தைச் சிறிதே இறக்கி, சுருதி இழைய நிறுத்துவர். தம்புராவின் முன் அமர்ந்து பழகியவர்க்கு அந்த இழைவின் இன்பத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பியானோவைக் காதில் வைத்துக்கொண்டு தனியே பாடுகிறவனுக்கு அத்தேடலுக்கு வழியில்லை. அவன் பியானோவோடு சேர்கிறானேயன்றி மனிதரோடு சேர்வதில்லை.

மற்றொன்று மூச்சு. நீண்ட சொற்றொடர் வரும்போது குழுவிலுள்ளோர் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். பக்கத்திலிருப்பவள் பிடித்திருக்கும்போது நான் விடுவேன். நான் பிடித்திருக்கும்போது அவள் விடுவாள். இதற்குக் குறிப்பெழுதி வைப்பதுண்டாயினும், பழகிய குழுவில் அது காதாலும் தோளாலும் அறியப்படுவது. தனியறையில் பாடுகிறவளுக்கு யார் எப்போது மூச்சு வாங்குகிறார் என்பது எவ்வாறு தெரியும்?

ஆயினும் 'லக்ஸ் ஆரும்க்வே' கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. அதனை மறுப்பது நேர்மையாகாது. அதற்குக் காரணம் விட்டேக்கரின் இசைநடை. அவர் பாட்டுகள் விரைந்து ஓடா. அடுத்தடுத்த சுரங்களை நெருக்கி அடுக்கிய ஒலித்திரள்கள் மெல்ல எழுந்து, மெல்லத் தேய்ந்து, ஒன்றில் ஒன்று கரையும். இத்தகைய நடையில் ஒருவர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் காதுக்குத் தெரியாது; பனியில் பனி கலப்பது போலாகிவிடும். சொற்கள் வெடித்துத் தெறிக்கும் பாட்டையோ தாளம் துள்ளும் பாட்டையோ எடுத்திருந்தால், வல்லின மெய்யெழுத்து ஒவ்வொன்றும் 185 இடங்களில் சிதறியிருக்கும். கோத்தவர் ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டியிருக்க வேண்டும். ஆக, இம்முறையின் குறை தெரியாத இசையையே இம்முறை தேர்ந்துகொண்டது. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. ஆனால், இம்முறையால் எந்தப் பாட்டையும் பாடலாம் என்று நம்பிக் கும்மியையும் கோலாட்டத்தையும் எடுத்துக்கொள்ளும் நம் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

காணொலியின் காட்சியமைப்பிலோ எனக்கு உடன்பாடில்லை. நடுவில் விட்டேக்கர் நின்று கையசைக்கிறார். சுற்றிலும் அடுக்கடுக்காகப் பாடகர்களின் முகங்கள், அவரை நோக்கி அரங்கில் நிற்பன போலத் தோன்றுகின்றன. பார்ப்பவர் நெஞ்சு உருகுகிறது. ஆனால், உருக்குவது ஒரு தோற்றம். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. தத்தம் கணினித் திரையைப் பார்த்தனர். ஒவ்வொரு முகத்தையும் அதனதன் அறையோடும், சுவரில் தொங்கும் நாட்காட்டியோடும், பின்னால் தெரியும் கட்டிலோடும் அப்படியே காட்டியிருந்தால் உண்மையும் இருந்திருக்கும், அழகும் குறைந்திராது. தனிமையே இந்தக் கலையின் பொருள். அந்தப் பொருளை மறைத்து அரங்கம் போல் அணி செய்வானேன்?

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாயிரம் குரலுக்கும் எட்டாயிரம் குரலுக்கும் காது வேற்றுமை காணுமா? காணாது என்பதே என் கருத்து. 185 பேர் பாடியதில் குரலின் நார் தெரிகிறது. எங்கோ ஒரு முதிய குரலின் கரகரப்பு தட்டுப்படுகிறது. ஆயிரக்கணக்கில் பெருகும்போது எல்லாம் நனைந்து ஒரே மேகமாகிவிடுகிறது. ஆகவே இவ்வரிசையில் முதலாவதே சிறந்தது. பின் வந்தவற்றில் பெருகியது எண்ணிக்கையே.

2020-இல் வந்த 'சிங் ஜென்ட்லி'யை இங்குத் தனித்து நோக்க வேண்டும். உடைந்த மண்கலத்தைப் பொன்கொண்டு ஒட்டும் கின்ட்சுகி என்னும் ஜப்பானியக் கலையை மனத்திற்கொண்டு அதனை அமைத்ததாக விட்டேக்கர் கூறுகிறார். அக்கலையின் நுட்பம் யாது? ஒட்டிய வடுவை மறைப்பதில்லை, பொன்னிட்டுக் காட்டுகின்றனர். வடுவே அணியாகிறது. ஆனால், பாட்டில் கேட்பதென்ன? வடு ஒன்றும் கேட்கவில்லை. 17,572 அறைகளில் இருந்த நாய்க்குரைப்பும் மின்விசிறி ஓசையும் கதவடிப்பும் துடைக்கப்பட்டு, பேராலயத்தின் எதிரொலி பூசப்பட்டு, உடையாத கலம் போல ஒலிக்கிறது. கருத்து ஒரு பக்கமும் கைவேலை ஒரு பக்கமும் போய்விட்டன. காணொலியின் இறுதியில் பாடியோர் பெயர்கள் நெடுநேரம் ஓடுகின்றன. அப்பெயர்களைப் படிக்கும்போது எழும் உணர்ச்சி, பாட்டைக் கேட்கும்போது எனக்கு எழவில்லை.

இவ்வளவும் கூறியபின், இம்முறை காலத்தே செய்த உதவியைக் கூறாது விடுதல் முறையன்று. 2020 மார்ச் 10-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் ஒத்திகைக்குக் கூடினர். ஒருவரிடமிருந்து தொடங்கிய கோவிட் தொற்றில், அவருட்பட 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். சேர்ந்து மூச்சுவிடுவதே தீங்காகிவிட்டது. உலகெங்கும் குழுக்கள் வாயடைத்துப்போன அந்நாளில், தனியறையில் பாடி அனுப்புவதாவது இருந்ததே! படுக்கையில் கிடந்தவரும், சுற்றுவட்டாரத்தில் ஒரு குழுவும் இல்லாதவரும் அதனால் ஆறுதல் பெற்றனர். அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். பசித்தவனுக்குக் கிடைத்த கஞ்சியில் உப்பில்லை என்று குறை கூறுவது அறிவுடைமையன்று. ஆனால், பஞ்சம் நீங்கிய பின்னும் கஞ்சியையே விருந்தென்று கொண்டாடினால் பேசத்தான் வேண்டும்.

எங்கள் தோட்டப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில், இணையவழிச் சபை கூடலில் பிள்ளைகளைச் சேர்ந்து பாடச் செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நேரத்தில் ஓசை சென்று சேர, பாட்டு சந்தை இரைச்சலாயிற்று. பிறகு ஆசிரியர்கள் ஒரு வழி கண்டனர். பிள்ளைகள் கைப்பேசியில் தனித்தனியே பாடி அனுப்ப, கணினி அறிந்த இளம் ஆசிரியை ஒருவர் அவற்றைக் கோத்தார். தொடர்பு கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் செம்பனைக் காட்டோர மேட்டில் ஏறி நின்று அனுப்பினர். சிலரால் அனுப்பவே இயலவில்லை. முடிந்த காணொலி அழகாகத்தான் இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருக்கையில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் முகம் வந்தது. சுருதி சேராமல் கத்திப் பாடுவதில் பெயர்பெற்றவன். குரல் மட்டும் காணோம். "இவன் குரல் எங்கே அம்மா?" என்று கேட்டேன். "சேரவில்லை ஐயா. அவன் குரலை மட்டும் அடக்கிவிட்டேன். முகம் இருக்கிறதே, பெற்றோர்க்கு மகிழ்ச்சிதான்" என்றார் அவர். ஆசிரியையின் மேல் குற்றமில்லை. கோப்பவர் யாராயினும் அதனைத்தான் செய்வர். பள்ளி திறந்த பிறகு அந்தப் பையன் என்னிடம் வந்து, "ஐயா, வீடியோவில் நான் பாடினேன், ஆனால் கேட்கவில்லை. எங்கள் வீட்டு போன் பழுதா?" என்று கேட்டான்.

நாம் கருத வேண்டியது இவ்விடம்தான். சேர்ந்து நின்று பாடும்போது சுருதி சேராத பிள்ளை என்ன ஆகிறான்? நல்ல குரலுடைய பிள்ளையின் அருகே அவனை நிறுத்துகிறோம். முதல் கிழமை அவன் கத்துகிறான். பக்கத்துப் பிள்ளை முகத்தைச் சுளிக்கிறாள். இரண்டாம் கிழமை அவன் குரலைத் தணித்து அவளைக் கேட்கத் தொடங்குகிறான். சில கிழமையில் சேர்ந்துவிடுகிறான். எல்லாரும் சேர்வதில்லை, பெரும்பாலோர் சேர்ந்துவிடுகின்றனர். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும், முப்பதாண்டுப் பணியில் நான் கண்டதும் இதுவே. குழுவில் குறைக்குரல் திருந்துகிறது. கோவையில் குறைக்குரல் நீக்கப்படுகிறது. கேட்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டும் ஒன்றாகுமா?

ஆயின் இப்புதுமுறையை ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். அதற்குரிய பெயரைக் கொடுத்து, அதற்குரிய இடத்தில் வைத்தல் போதும். ஐங்குறுநூற்றை நினைத்துப் பாருங்கள். மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் நூறு நூறாகப் பாடினர். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐவரும் ஓரவையில் கூடியிருந்து ஒருவரையொருவர் கேட்டுப் பாடினர் என்று நாம் கொள்வதில்லை. அதனால் நூலின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. தொகை என்று பெயரிட்டு, தொகுத்தவரின் பெயரையும் போற்றுகிறோம். மெய்ந்நிகர் சேர்ந்திசையும் தொகைதான். அதனைத் தொகையிசை என்று அழைப்போமானால் குழப்பம் தீரும். தொகைக்குரிய அளவுகோலால் அதனை அளக்கலாம். தொகுத்தவர் எதனைத் தேர்ந்தார், எதனை விட்டார், எவ்வரிசையில் வைத்தார் என்று கேட்கலாம். அப்போது பாராட்டின் பெரும்பங்கு நடத்துநருக்கன்று, கோத்தவருக்கே உரியதாகும். இன்று அவர் பெயர் மூலையில் சிற்றெழுத்தில் வருகிறது.

விட்டேக்கர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கூறியதும் இந்த வேறுபாட்டுக்குச் சான்றாகும். பதினெட்டு வயதில் கல்லூரிக் குழுவில் சேர்ந்து, மோட்சார்ட்டின் 'ரெக்குவியம்' ஒத்திகையில் தாழ்குரலாரிடையே நின்றபோதே தம் வாழ்வு மாறிற்று என்று 2011-இல் ஆற்றிய உரையில் அவர் கூறினார். அதுவரை இசைக்குறிப்பைப் படிக்கவும் அறியாதவர் அவர். அவரை மாற்றியது எது? நாற்புறமும் எழுந்த குரல்களின் நடுவே நின்றதுதான். தாம் பெற்ற அந்தப் பேற்றைத் தாம் கண்ட முறையால் அவர் பிறர்க்கு வழங்க இயலவில்லை, வேறொன்றை வழங்கினார்.

தொலைவிலிருந்து ஒருவரையொருவர் கேட்டுப் பாடவே முடியாதா என்று வினவலாம். முடியும். 2020-இல் அமெரிக்காவில் சில குழுவினர் கார்களில் பாடினர். திடலில் கார்களை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் கையில் ஒலிவாங்கி வைத்துப் பாட, எல்லாக் குரலும் ஒரு கருவியில் கலந்து, பண்பலை வானொலி வழியாக ஒவ்வொரு காரிலும் அப்பொழுதே ஒலித்தது. ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டு. ஆனால் எல்லாரும் எல்லாரையும் கேட்டனர். இது முழுமையான சேர்ந்திசை என்பேன். அவ்வாண்டு ஏப்ரல் 25 மாலை 7.55 மணிக்குச் சிங்கப்பூர் மக்கள், டிக் லீ இயற்றிய 'ஹோம்' பாட்டைச் சன்னல்களிலும் மாடங்களிலும் நின்று பாடியதும் அவ்வகையே. மேல்மாடியில் ஒரு சொல் பாடும்போது எதிர்க்கட்டடத்தில் வேறொரு சொல் ஒலித்திருக்கும். இருந்தாலென்ன? எதிர்வீட்டுக் குரல் காதில் விழுந்ததல்லவா?

இணையத்திலும் இதற்கு வழி உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் ஏறக்குறைய 29 மில்லிநொடி பிந்தியே நம்மை அடைகிறது. 25, 30 மில்லிநொடி வரை பிந்தினால் பாடகர் சமாளித்துக்கொள்வர். அதற்கு மேல் ஒருவர்க்காக ஒருவர் காத்துக் காத்துக் காலப்பிரமாணம் இழுபடும். நாம் கூட்டம் நடத்தும் இணையச் செயலிகள் இதனைப் போலப் பல மடங்கு தாமதமுடையவை. அதுமட்டுமன்று, ஒருவர் பேசும்போது பிறர் ஓசையை அடக்கும்படி அமைந்தவை. பாட்டுக்கு அவை உதவா. இதற்கென்றே ஜாமுலஸ் என்னும் இலவச மென்பொருளும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப்பும் இருக்கின்றன. கோலாலம்பூருக்கும் இலண்டனுக்கும் இடையே அவை பயன்படா. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவைக் கடக்க ஒளியிழைக்குள் ஒளிக்கே ஐம்பது மில்லிநொடிக்கு மேல் ஆகிறது; மென்பொருள் எழுதி அதனைக் குறைக்க வழியில்லை. ஆனால் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இரண்டு மில்லிநொடி அளவே ஆகும். கருவிகள் கூட்டும் தாமதத்தைச் சேர்த்தாலும், கம்பிவழி இணைப்பு நல்லதாக இருப்பின் பாடலாம்.

ஆகவே போட்டிகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்து பாடிய பிள்ளைகளின் பதிவையும், கோத்தெடுத்த பதிவையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் இடாதீர்கள். கோத்தெடுத்தது என்றும் எப்போதும் வெல்லும். அதில் பிசகே இராது. பிசகிய பிள்ளையின் குரல்தான் அடக்கப்பட்டுவிட்டதே! தொகையிசைக்குத் தனிப்பிரிவு வையுங்கள். அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர், பாட்டில் குரல் ஒலிப்போர் எத்தனை பேர் என்று இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளிக்கும் அண்டைத் தோட்டப் பள்ளிக்கும் இடையே 40 கிலோமீட்டர். ஒளிக்கு அது மில்லிநொடியில் ஐந்தில் ஒரு பங்குத் தொலைவு. இரு பள்ளிப் பிள்ளைகளும் அவரவர் மண்டபத்தில் நின்று, ஒருவரையொருவர் கேட்டுப் பாடலாமா என்று அங்குள்ள தலைமையாசிரியரும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொலைவு தடையில்லை. தடை, ஒளியிழைக் கம்பி பெருஞ்சாலையோடு நின்றுவிட்டது. தோட்டத்து மண்சாலைக்குள் இன்னும் வரவில்லை. கம்பி வரும் நாள் தெரியாததால், இவ்வாண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றி அங்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். சுருதி சேராத அந்தப் பையன் இப்போது ஐந்தாம் ஆண்டைக் கடந்துவிட்டான். முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறான்.